பார்லி கஞ்சி

எங்கள் பக்கம் ஒருவன் ‘காய்ச்சுகிறான்’ என்றால், எதை என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ்தான் வந்து கேட்கும். அந்த வளர்ப்பின் தோஷம், போர்ட்லண்ட் வாடகை வீட்டில் முதல் தடவை அண்டாவை அடுப்பில் ஏற்றியதும் என் கை தானாகப் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டது. இங்கே அதற்கு அவசியமே இல்லை. 1978-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் பீர் காய்ச்சிக்கொள்ளலாம். சாராயம் வடித்தால்தான் குற்றம்.

“என் பங்கு நூறு காலனையும் நீங்களே வெச்சுக்குங்க. அண்டாவையும் நீங்களே தேய்ங்க” என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள்.

“அடுப்புல என்னடா?”

“பார்லிம்மா.” பொய்யில்லை.

“நீர்க்கடுப்பா?”

“லேசா.”

“ஒரு ஸ்பூன் சீரகம் போட்டுக் கொதிக்க விடு.”

பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டுகிற அதே வேலைதான். நொறுக்கிய மால்ட்டை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால், முளைவிட்டபோது பிறந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். வீடு முழுக்க ஹார்லிக்ஸ் மணக்கும். வடிகட்டி, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க விட வேண்டும். முதலிலேயே போட்டால் கசப்பு, இறக்கும்போது போட்டால் வாசனை. ரசத்துக்குக் கொத்தமல்லி தூவுகிற கணக்கு. போர்ட்லண்ட் இருக்கும் இதே ஆரிகனில் உருவாக்கி 1972-ல் வெளியிட்ட ‘காஸ்கேட்’ ரகத்தில் பம்ப்ளிமாஸ் தோலின் மணம் வரும். தாவரவியல்படி ஹாப்ஸும் கஞ்சாவும் பங்காளிகள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

முதலில் ஆசைப்பட்டது பில்ஸ்னருக்கு. 1842-ல் செக் நாட்டுப் பில்சென் நகரில் ஜோசப் குரோல் காய்ச்சிய பொன்னிறச் சங்கதி. அதற்கு உப்புச்சத்து மிகக் குறைந்த மென்மையான தண்ணீர் வேண்டும். போர்ட்லண்ட் குழாயில் அதுதான் வருகிறது. அதைப் புளிக்கவைக்கும் லாகர் ஈஸ்ட்டுக்கோ 10 டிகிரிக் குளிரும் வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். மாதம் ஜூலை. ஃப்ரிட்ஜில் இடம் கேட்டேன். இட்லி மாவுக்கே இடமில்லை என்று பதில் வந்தது. கராஜிலேயே புளித்துப் பழவாசனையோடு எழுந்து நின்ற அதை ருசித்த அனுபவஸ்தர் ஒருவர், “இதுக்குப் பேர் கலிபோர்னியா காமன்” என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு சான்பிரான்சிஸ்கோவில் ஐஸ் கிடைக்காமல், லாகர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பிலேயே புளிக்கவிட்ட கைங்கரியமாம்.

அன்றுதான் ஞானம் வந்தது. நாலாம் நாள் மாவு புளித்துப் பொங்கினால் அம்மா அதைக் கெட்டுப்போனது என்றா சொல்வாள்? வெங்காயத்தைத் தூவி ஊத்தப்பம் என்பாள். பீர் வகைகளில் பாதி இந்த ஜாதிதான். டப்ளின் தண்ணீரின் காரத்தன்மைக்கு வெளிறிய பீர் ஒத்துவராது. கருக வறுத்த தானியத்தின் புளிப்புத்தான் அதைச் சரிக்கட்டும். அதனால் அங்கே ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் கொடிகட்டியது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் அதிகம். கசப்பு நறுக்கென்று நின்றது. அந்தக் கசப்புக்காக என் ஐ.பி.ஏ. வகை பீரில் ஜிப்சம் கலந்தபோது மனைவி டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, “சாக்பீஸா?” என்றாள். கிட்டத்தட்ட.

கோதுமை பீர்தான் உண்மையில் மானத்தைக் காப்பாற்றியது. பவேரிய ஈஸ்ட் வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். குடித்தவர்கள் எத்தனை பழம் போட்டேன் என்று விசாரித்தார்கள். பழநிப் பஞ்சாமிர்தம் செய்தவன் மாதிரி அடக்கமாகச் சிரித்தேன். பவேரியாவின் 1516-ஆம் ஆண்டுச் சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே இருக்கலாம் என்றது. ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. வேலை முழுவதையும் செய்தவன் பெயர் விட்டுப்போவது, ஆபீஸில் குப்பை கொட்டிய எவருக்கும் புதிதல்ல.

நான் செய்வதெல்லாம் பத்துப்பாத்திரம் தேய்ப்பதுதான். மிச்சம் இருப்பது சர்க்கரை போடுகிற வேலை. அதிலும் ஒரு நாள் தவறியது. பாட்டிலில் அடைக்கும் முன் 19 லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை போட வேண்டும். ஈஸ்ட் அதைத் தின்று நுரைக்கான வாயுவை விடும். போட்டேனா இல்லையா என்று சாம்பார் உப்பு மாதிரி சந்தேகம் வந்து, இன்னொரு தரமும் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ராத்திரி ஒன்பதரை மணி. அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அலமாரிக்குள் ‘டமார்’. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு ‘டமார்’. கதவுக்கு அடியில் நுரை வழிந்து வந்தது.

“என்னடா சத்தம்?”

“பார்லிம்மா.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சீரகம் போடச் சொன்னேனே, போட்டியா?”