இந்தியாவின் நயாகராக்காரர்கள்

பென்னாகரத்தில் குடியிருந்துகொண்டு 'இந்தியாவின் நயாகரா' எனப்படும் ஒகேனக்கல் அருவிப் பக்கம் எட்டிப் பார்க்காத தம்பதிகள் உண்டு. கேட்டால், "ஞாயித்துக்கிழமை ஒரே கூட்டம்ங்க, பரிசலுக்கு யாரு வரிசையில நிக்கிறது?" என்பார்கள். அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போனால் முதல் வாரமே நயாகரா வரிசையில் நிற்பார்கள். நீல பிளாஸ்டிக் கோட்டு, சொட்டச் சொட்ட செல்ஃபி. "ஏங்க, அப்படியே நம்ம ஒகேனக்கல்லு மாதிரியே இருக்குது!" என்பார் அம்மா. அவர் ஒகேனக்கல்லைப் பார்த்தது 1992-இல், 'ரோஜா' படத்தில்.

நயாகராவுக்கு ஒரு வசதி. 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகலில் வினாடிக்கு 1 லட்சம் கன அடியாவது அருவியில் விழுந்தாக வேண்டும். இரவில் பாதி போதும், மிச்சம் மின்சாரத்துக்கு. ஒகேனக்கல்லில் விழும் காவிரிக்கும் தீர்ப்பு, ஆணையம் எல்லாம் இருக்கின்றன. வேடிக்கை பார்ப்பவனுக்கென்று அதில் ஒரு சொட்டும் ஒதுக்கவில்லை. மேலே ஆற்று நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் வினாடிக்கு 1 லட்சம் கன அடி ஓடினால் இங்கே அருவியே வெள்ளத்தில் முங்கிவிடும். குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. தண்ணீர் வற்றினால் பாறைதான் காட்சி.

ஆனால் பாறையில் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, முதுகில் படபடவென்று அடித்துக் குளிக்க அனுப்பும் ஆள் நயாகராவில் கிடையாது. சுடச்சுட மீன் வறுவலும் கிடையாது.

அடுத்த ஆடிக்கு அமெரிக்க மருமகள் வருகிறாளாம். முதலில் ஒகேனக்கல்தான் பார்க்கணுமாம். மாமியார் பக்கத்து வீட்டில் மெதுவாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்: "அக்கா, அங்க போக எந்த பஸ்ஸுல ஏறணும்?"