காட்டின் ஒரு நாள், ஒரே படத்தில்

கேள்வி: காட்டில் ஒலிப்பதிவுக் கருவியை மாதக்கணக்கில் விட்டுவைக்கிறார்களாமே! அத்தனையையும் யார் உட்கார்ந்து கேட்பது?

பதில்: கேட்பதற்கு முன் பார்த்துவிடுகிறார்கள்! ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டௌசி குழுவினர் இதற்கென்றே மென்பொருள் உருவாக்கினார்கள். அது ஒவ்வொரு நிமிட ஒலியையும் அதிர்வெண் வாரியாக அளந்து, மூன்று குறியீட்டு எண்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணமாக்குகிறது. நிமிடத்துக்கு ஒரு கோடு. 1,440 கோடுகளில் ஒரு முழு நாளும் ஒரே படத்தில் அடங்கிவிடும். விடியற்காலைப் பறவைகள், இரவுத் தவளைகள், சில்வண்டுகள், மழை எல்லாம் தனித்தனித் தடம் பதிக்கும்.

ஆனால் சத்தம் அதிகம் என்பதாலேயே உயிர்வகை அதிகம் என்று ஆகிவிடாது. ஒரே இனச் சில்வண்டு காட்டையே நிரப்பிவிடும். பலத்த மழையும் காற்றும் எண்களைக் குழப்பும். எந்த நேரத்தை, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று படம் காட்டும். அங்கே பாடியது எந்தப் பறவை என்று உறுதிசெய்யப் பழகிய காது வேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், அந்தக் காதுகளைப் பழக்கவும் ஒதுக்கட்டும்!