லயத்துக்கு வந்த புதுக் கங்காணி

தோட்டத்தில் நாய் இரண்டு வகை: லயத்து நாய், பங்களா நாய். லயத்து நாய்க்கு அறிமுகம் தேவையில்லை. பாண் துண்டைக் கண்டால் உறவு கொண்டாடும், கையில் கல்லைக் கண்டால் உறவை முறித்துக்கொண்டு ஓடும். மணி என்றோ டைகர் என்றோ ஒரு பேர் இருக்கும், கூப்பிட்டால் வராது. பங்களா நாயின் கதையே வேறு. கழுத்தில் பட்டி, தட்டில் இறைச்சி, குளிப்பாட்ட ஒரு ஆள், அந்த ஆளுக்குச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு நாள் பேர். கொழுந்து நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர் போட்ட நாளிலும் நாயைக் குளிப்பாட்டியவனுக்கு முழுப்பேர் விழுந்ததாம். இதைச் சொல்லும்போது எங்கள் அப்பாயிக்கு இன்றைக்கும் மூச்சு வாங்கும்.

எங்கள் தோட்டம் எட்டியாந்தோட்டைப் பக்கம். பாதி இறப்பர், பாதி தேயிலை, மிச்சம் முழுக்க அட்டை. தோட்டங்கள் 1975இல் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் கம்பனிகளின் கைக்கு வந்து, தொரைமார் மாறி மாறிப் போனதில் பங்களா நாய்களும் அற்றுப்போயின. இப்போதுள்ள தொரைக்குக் காவல் ஒரு சிசிடிவி கமெரா. அது குரைப்பதில்லை, குளிக்கவும் கேட்பதில்லை.

இந்த நிலைமையில்தான் என் மச்சான் ஒரு அல்சேஷன் குட்டியோடு வந்து இறங்கினான். கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் அவன் சாரதி. தீபாவளிக்குக் கையில் ஏதாவது வைப்பார்கள் என்று காத்திருந்தான். கையில் நாய்க்குட்டியை வைத்தார்கள். அப்பிள் பெட்டிக்குள் அதைப் படுக்கவைத்து, மேலே ஒரு துவாயைப் போர்த்தி, ஹட்டன் பஸ்சில் ஏறிவிட்டான். பெட்டிக்குள் என்ன என்று கேட்ட கொண்டக்டரிடம் உடுப்பு என்றிருக்கிறான். அவிசாவளை தாண்டியதும் உடுப்பு குரைத்தது. கொண்டக்டர் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு டிக்கட்டைக் கிழித்து நீட்டினார்.

குட்டியை இஸ்தோப்பில் இறக்கிவிட்டதும் நடந்ததுதான் வேடிக்கை. முக்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாயி சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். சின்ன வயதில் பங்களா ரோட்டால் போக முடியாமல், இப்படியான ஒரு நாய்க்குப் பயந்து மலையைச் சுற்றிக்கொண்டு நடந்த கால்கள் அவை. மூளை உத்தரவு போடுமுன் கால்கள் எழுந்துகொண்டன. குட்டியோ இரண்டு மாதக் குழந்தை. நடக்கத் தெரியாமல் தன் காலைத் தானே மிதித்து விழுந்துகொண்டிருந்தது.

மச்சான் அதற்கு ரெக்ஸ் என்று பேர் வைத்தான். அப்பாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அவன் “தொர”.

“தொர சாப்புட்டாரா?”

“தொர தூங்குறாரு, சத்தம் போடாதீங்க புள்ளைகளா.”

மறுநாள் காலையில் உள்ளே இருந்து குரல் வந்தது: “இங்க வந்து பாரு தம்பி, தொர என் தலகாணியில ஒண்ணுக்குப் போயிட்டாரு.”

வெள்ளைக்காரன் கட்டிய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஏற்கெனவே நாங்கள் ஐந்து பேர். வளர்ந்தால் முப்பது, நாற்பது கிலோவுக்கு நிற்கப்போகும் ஆறாவது ஆளை எங்கே போடுவது என்று நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவனே இடம் பார்த்துக்கொண்டான். வாசற்படிக்குக் குறுக்கே படுத்தான். அன்றிலிருந்து வீட்டுக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஊசிகளை எல்லாம் போட்டு முடிக்கும்வரை மண்ணில் விடாதீர்கள் என்றார் மிருக வைத்தியர். பார்வோ வைரஸ் மற்ற நாய்களின் கழிவில் இருந்து தொற்றும். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை இடைவெளி விட்டு ஊசி போடவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியும் இருக்கிறது. சரிதான். ஆனால் லயத்தில் மண் இல்லாத இடம் எது? மற்ற நாய்கள் போகாத இடம்தான் எது? வேறு வழியில்லாமல் பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தோம். நாலு மாதத்தில் அவன் பதினைந்து கிலோவைத் தொட்டிருந்தான். இரண்டு கையிலும் இறப்பர்ப்பால் வாளி சுமக்கிற அம்மாவுக்கு அது ஒரு பாரமில்லை. ஸ்டியரிங் பிடிக்கிற மச்சானுக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டுக் கணக்கு தனி. பெட்டியில் வரும் இறக்குமதித் தீனியின் விலையைக் கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் சும்மா நேரம் கேட்க வந்ததுபோல் திரும்பிவிட்டேன். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா; 2024 செப்டெம்பரில்தான் அதற்கு வர்த்தமானி வந்திருந்தது. அதில் ஒரு வாரத்துப் பேரை நாயின் தட்டில் கொட்ட அம்மா சம்மதிப்பாரா? கோழிக் கடையில் கழித்துப் போடும் கழுத்து, ஈரல், அவித்த முட்டை, சோறு, கொஞ்சம் பூசணி என்று வைத்தியரிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டோம். ஈரப்பலாக்காய் பட்டியலில் இல்லை. அதை அவனே அடுப்படியில் இருந்து சேர்த்துக்கொண்டான்.

லயத்து ஆட்களுக்கு இதெல்லாம் கவலையில்லை. அவர்களுடைய கவலை காது. அல்சேஷன் என்றால் காது நிற்கவேண்டும். காது நிற்காத அல்சேஷனை மச்சான் ஏமாந்து வாங்கி வந்துவிட்டான் என்று மேல் லயத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். “சாப்பிட்டீங்களா” என்று கேட்ட வாய்கள் எல்லாம் “காது நின்னுச்சா” என்று கேட்கத் தொடங்கின. ஒருவர் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னார். டிஸ்பென்சரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கல்சியம் குளிசையை ஒரு பெரியம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

வைத்தியரோ, கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால் பெரிய சாதிக் குட்டிக்கு எலும்பு கோணிப்போகும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பல் விழுந்து முளைக்கும் மாதங்களில் காது எழும், விழும், மறுபடி எழும். பல் முளைத்து முடிந்ததும் தானாக நின்றுவிடும், சும்மா இருங்கள் என்றார். மருந்து எழுதாத வைத்தியரை லயம் நம்புமா? “படிச்ச புள்ளயா இருக்கும், பாவம்” என்றார் பெரியம்மா.

ஐந்தாம் மாதத்தில் வலது காது நின்றது. இடது காது கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கியது. வாரக்கணக்காக அப்படியே திரிந்தான். எங்கள் தொழிற்சங்கத் தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட மாஸ்டரான என்னிடம் சொன்னார்: “மாஸ்டர், நிக்கிற காது தொரைக்கு, படுத்த காது சங்கத்துக்கு. எனக்கு இந்த ஆளத் தெரியும்.”

பல்லின் கதையையும் சொல்லவேண்டும். குட்டிக்கு இருபத்தெட்டுப் பால்பல். அவை விழுந்து நாற்பத்திரண்டு முளைக்கும். அந்த இடைக்காலத்தில் உலகத்தில் உள்ள எல்லாமே கடிப்பதற்காகப் படைக்கப்பட்டவை. செருப்பு, சீப்பு, தவணைப் பரீட்சை விடைத்தாள், மச்சானின் லைசன்சின் ஒரு மூலை. ஆனால் இறப்பர் தோட்டத்தில் வளராத எந்த நாய்க்கும் கிடைக்காத பாக்கியம் ஒன்று அவனுக்குக் கிடைத்தது: ஒட்டுப்பால்.

பாலைச் சேர்த்து எடுத்தபிறகு வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து நிற்பதுதான் ஒட்டுப்பால். மறுநாள் உரித்துச் சாக்கில் போட்டு நிறுக்கக் கொடுப்பார்கள். நாற்றம் சொல்லி முடியாது. நாய்க்கு அது பிரியாணி. அம்மாவின் சாக்கில் இருந்து ஒரு நீளத் துண்டை இழுத்தான். ஒரு நுனியை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு, மறு நுனியைப் பல்லால் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்தான். அது வந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது. பின்னங்கால்கள் வழுக்க, கண் பிதுங்க, இழுவையின் உச்சத்தில் முன்னங்கால் நழுவியது. பளார்! மூக்கின் மேல் விழுந்த அடியில் கத்திக்கொண்டு அப்பாயியின் முக்காலிக்கடியில் புகுந்தான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி, அசையாமல் கிடந்த ஒட்டுப்பாலைப் பார்த்து உறுமினான். பிறகு பூனை நடை நடந்து வந்து, அதே துண்டை அதே இடத்தில் மிதித்துக்கொண்டு, மறுபடி இழுத்தான். விழுங்கிவிட்டால் குடலை அடைத்துக்கொள்ளும் என்று நான் பிடுங்கப் போனால், பல்லிடுக்கில் ஒட்டியது வரமாட்டேன் என்றது. தேங்காய் எண்ணெய் தடவித்தான் எடுத்தோம். எண்ணெயும் பிடித்துப்போனதால் அடுத்த நாளும் அதே வேலை.

எங்கள் பக்கத்தில் மழைக்குக் கஞ்சத்தனமே கிடையாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். அல்சேஷனுக்கோ இரட்டை ரோமம்: உள்ளே பஞ்சு, வெளியே முரட்டு மயிர். குளிர் நாட்டுக்குத் தைத்த அந்தச் சட்டை இங்கே காய்வதேயில்லை. பீலியில் குளிப்பாட்டி, துடைத்து, அடுப்படியில் நிறுத்தி வைத்தால் புகை நாற்றமும் சேர்ந்துகொள்ளும். மழை விட்டதும் இறப்பர் மலைக்குள் ஓடுவான். கால்விரல் இடுக்கெல்லாம் அட்டையோடு வருவான். உப்பும் தேசிக்காயும் இருந்தால் அது ஒரு விசயமில்லை. ஒருநாள் மூக்குக்குள்ளேயே ஒன்று ஏறிவிட்டது. தும்முகிறான், இரத்தம் சொட்டுகிறது, உள்ளே இருக்கிறது என்று தெரிகிறது, பிடிக்க முடியவில்லை. டவுனுக்கு ஓடுவதா என்று நாங்கள் தவித்தபோது அப்பாயி முக்காலியை இழுத்துப்போட்டார்.

“தண்ணி காட்டாத. தொர கொஞ்சம் தாகமா இருக்கட்டும்.”

நேரம் போனபிறகு ஒரு சட்டியில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்குக் கீழே வைத்தார். விரல்களில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டார். அவன் குனிந்து நக்கத் தொடங்கியதும், மூக்குத் துவாரத்தில் கறுப்பாக ஒரு நுனி மெல்ல எட்டிப் பார்த்தது. தண்ணீரின் வாசம் அட்டைக்கும் தெரியும். சாம்பல் விரல் இரண்டும் பாய்ந்து பிடித்தன, வழுக்கவில்லை. இழுத்த இழுப்பில் வெளியே வந்தது. அந்த நிமிடத்தில் அப்பாயி அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, “இனிமே மலைப்பக்கம் போவியாடா?” என்றார். தொரையின் பதவி அன்றோடு போயிற்று.

பதவி போனாலும் இங்கிலீஷ் போகவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது ஏவுகிற பாஷை. நூற்றைம்பது வருசமாகக் கேட்டே பழக்கம், சொல்ல ஆள் கிடைத்ததில்லை. இப்போது கிடைத்துவிட்டது. லயத்தில் யார் கடந்து போனாலும் “சிட்!” பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாசகம் ஒன்றை வாசிக்க மறுக்கும் பயல்கள் எல்லாம் அவனிடம் “கம் ஹியர்” என்று சரளமாக வெளுத்துக் கட்டினார்கள். அவன் எவருக்கும் உட்காரவில்லை. “ந்தா” என்று அப்பாயி கூப்பிட்டால் மட்டும் நாலு காலும் பறந்து வருவான், ஏனென்றால் “ந்தா”வுக்குப் பின்னால் ஒரு நெத்தலித் தலை இருக்கும். அதைப் பார்த்துத்தான் நானும் நெத்தலியோடு இறங்கினேன். காலையில் கொஞ்ச நேரம், அந்தியில் கொஞ்ச நேரம். சொன்னதைச் செய்த மறுகணம் வாயில் ஒரு துண்டு. அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. பிடித்துக்கொண்டான். கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்ப் பிரிவில் வேலை பார்ப்பதும் இந்தச் சாதிதான் என்று பெருமைக்காக நான் ஒரு வார்த்தை சொல்லப்போக, செய்தி கள்ளச்சாராயம் காய்ச்சும் கசிப்புக்காரர் காதுக்கு எட்டி, கோடா பீப்பாய் இரவோடிரவாகப் பக்கத்து டிவிஷனுக்குக் குடிபெயர்ந்தது. அவனுடைய மூக்கு அதுவரை துப்புத் துலக்கியது கருவாட்டை மட்டும்தான்.

இந்தச் சாதியின் பூர்வீகமே வேலைதான். மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற ஜெர்மன் குதிரைப்படைக் கெப்டன் 1899இல் ஹொராண்ட் என்ற ஒரு நாயை வாங்கி, அதே ஆண்டில் ஒரு சங்கமும் தொடங்கி வளர்த்தெடுத்த மேய்ச்சல் சாதி. முதலாம் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மன் என்ற பேரே கசந்ததால் பிரித்தானியாவில் அதை அல்சேஷன் ஆக்கிவிட்டார்கள்; சொந்த நாட்டுப் பேரைத் திருப்பிக் கொடுக்க 1977 வரை ஆயிற்று. 1948இல் பறிகொடுத்த பிரஜாவுரிமையின் கடைசி மிச்சத்தை 2003இல் வாங்கிய எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னேன். “நாய்க்குமா?” என்றார்கள். அன்றிலிருந்து அவன்மேல் ஒரு தனிப் பாசம்.

அன்றைய ஜெர்மனியில் புல்வெளிக்கும் பயிருக்கும் இடையில் வேலி கிடையாது. நாய்தான் வேலி. எல்லைக் கோட்டில் அந்தத்துக்கும் இந்தத்துக்கும் நாள் முழுக்க நடக்கும். கோட்டைத் தாண்டிக் கால் வைக்கும் ஆட்டை உள்ளே தள்ளும். எங்கள் தோட்டத்தில் ஆடு கொஞ்சம், ஆள் அதிகம். அவன் இருக்கிறதை வைத்துச் சமாளித்தான். கோழிகளை ஒரு மூலையில் சேர்த்தான். புள்ளமடுவத்தில் இருந்து நழுவும் பிள்ளைகளைச் சுற்றி வளைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டான். பிறகு பெரிய ஆட்களுக்கு வந்தான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்துகிறவர்களின் குதிகாலுக்குப் பின்னால் மூக்கை வைத்துக்கொண்டே போவான். பால் நிறுக்குமுன் லயத்துக்கு நழுவுகிறவனைப் பாதி வழியில் மறித்து, ரோட்டுக்குக் குறுக்கே நின்று, கண்ணுக்குள் பார்ப்பான். கடிக்கமாட்டான். பார்ப்பான். தோட்டத்தில் முதுகுக்குப் பின்னால் நின்று இப்படிப் பார்த்தவர் ஒருவர்தான் இருந்தார், அதனால் ரெக்ஸ் என்ற பேரும் போய்க் கங்காணி ஆனான். பழைய கங்காணிக்காவது ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு இருந்தது. இவன் நெத்தலித் தலைக்கே அத்தனை ஆளையும் மேய்த்தான்.

போன கிழமை தொரை லயம் பார்க்க வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கியவரை லயத்துக் கானுக்கு அந்தப் பக்கமே கங்காணி நிறுத்திவிட்டான். குரைக்கவில்லை, இரண்டு காதும் நிமிர, கான் ஓரமாக இப்படியும் அப்படியும் நடந்தான். தொரை இடப்பக்கம் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். அப்பாயி முக்காலியில் சாவகாசமாக வெற்றிலையை மடித்து, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டு, ஒதுக்கிக்கொண்டு, அதன் பிறகுதான் “விடுடா” என்றார்.

உள்ளே வந்த தொரை, தான் பார்க்க வந்த லயத்தின் கூரைத்தகரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டே, கொழும்பில் சொல்லி எனக்கும் இப்படி ஒரு குட்டி எடுத்துத் தரமுடியுமா மாஸ்டர் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பாயி முந்திக்கொண்டார்.

“சங்கத் தலைவர் மொதல்லயே சொல்லி வச்சிருக்காரு. அவருக்குப் பின்னால கடைக்கார மொதலாளி. தொரைய மூணாவதா எழுதிக்க தம்பி.”