கவாத்து மாமா

கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கம் தெருவுக்கு ஒரு கவாத்து மாமா இருக்கிறார். பந்தலில் பன்னீர் திராட்சை போட்டே காலத்தை ஓட்டியவர். தோட்டத்தை மகனிடம் ஒப்படைத்த பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மனுஷர்களை விசாரிப்பதற்கு முன்னால், டிவிக்குப் பக்கத்தில் நிற்கும் பீஸ் லில்லியைத்தான் விசாரிப்பார்.

“ஏத்தா, இது ஏன் சும்மா நிக்குது?”

“வாங்குறப்ப நாலு பூ இருந்துச்சு மாமா, அதோட சரி.”

அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து கவாத்துக் கத்தரி வெளியே வந்துவிடும்.

அவரையும் குறை சொல்ல முடியாது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை தன் இஷ்டத்துக்குப் பூப்பதில்லை. கவாத்து அடித்த தேதிதான் அதற்குப் பஞ்சாங்கம். ஆளுக்கொரு தேதியில் வெட்டுவதால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். போதாக்குறைக்கு 2023-ல் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆனால் மண்ணிலிருந்தே இலை கிளப்பும் பீஸ் லில்லிக்கு ஏது கொடி, ஏது கணு? வெட்டினால் இலை போகும், பூ வராது.

அடுத்து யூரியா. வாரா வாரம் ஒரு சிட்டிகை. தழைச்சத்து ஏறினால் இந்தச் செடி இலையாகவே தள்ளும். சேம்பும் இதுவும் ஒரே குடும்பம் வேறு. கொஞ்ச நாளில் ஹாலில் சேப்பங்கிழங்குத் தோட்டம்தான். “பாத்தியா, என்னா தழை!” என்று அதற்கும் மார் தட்டிக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. “நர்சரிக்காரன் ஜிப்ரலிக் அடிச்சுத்தான் வித்திருப்பான்.” விதையில்லாத் திராட்சையில் மணி பெருக்கத் தெளிக்கிறார்களே, அதே ஜிப்ரலிக் அமிலம்தான். தெளித்தால் பீஸ் லில்லி பருவம் பாராமல் பூக்கும். விற்பனைக்கு வரும் தொட்டிகள் பலவும் அப்படிப் பூத்தவையே. அவர் சொல்வதில் இது ஒன்றைத்தான் யாரும் நம்புவதில்லை.

தொட்டி இருட்டு மூலையில் இருக்கிறதே என்று மட்டும் அவர் கேட்கவே மாட்டார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். வெளிச்சம் பற்றாமல் ஒரு செடி கிடக்கும் என்பது அவர் மண்டையில் ஏறாது. அமெரிக்க வெப்பமண்டலக் காட்டில் மரத்தடியில் வளர்கிற செடிதான், நிழல் தாங்கும். பூக்க வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் படாத ஜன்னலோரமும், மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீரும் போதும்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்த வீட்டில் தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். பிறகு எடுக்க மறந்துவிட்டார்கள். சில மாதத்தில் வெள்ளை மடல் விரிந்தது. மாமா வந்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எல்லாம் நான் போட்ட யூரியாத்தா. சரி, காய் எப்பப் பிடிக்கும்?”

ஆகவே, வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் கேட்டால் முதலில் தொட்டியைத் தூக்கி அடுப்படி ஜன்னலில் வையுங்கள். காபியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.