கடல் ஒவ்வாக் கணவர் இலக்கணம்

நூல் என்று ஒன்றைத் தொடங்கினால் பாயிரம் வேண்டும். நன்னூலார் எட்டுச் செய்திகள் கேட்கிறார். அவற்றில் ஆக்கியோன் பெயரை இதழாசிரியர் பார்த்துக்கொள்வார், நூற்பெயர் மேலே இருக்கிறது, யாப்பு உரைநடை. மீதியைச் சொல்லிவிடலாம். எல்லை: கிழக்கே புணே, மேற்கே ஜஞ்சீராக் கடற்கோட்டை. நுதலிய பொருள்: படகில் ஏறினால் குமட்டும் வாழ்க்கைத்துணையைப் படகை விரும்பும்படி பழக்குதல். கேட்போர்: குமட்டாத துணை. குமட்டுகிறவரிடம் இதை வாசிக்கக் கொடுக்க வேண்டாம், ஓடும் படகில் கொடுக்கவே வேண்டாம். பயன்: சண்டையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எஞ்சியது வழி. அது தொல்காப்பியரிலிருந்து வருகிறது. கடல்வழிப் பயணம் பெண்ணை உடன் அழைத்துக்கொண்டு செய்யும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியலில் ஒரே நூற்பாவில் அவர் விஷயத்தை முடித்துவிடுகிறார். காரணம் சொல்லவில்லை. உரை எழுதியவர்களும் தலைவனின் வயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. நம் கருத்து வருமாறு: பொருள் தேடப் போகும் தலைவன் மரக்கலத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நிற்கும் கோலத்தைத் தலைவி ஒரு முறை பார்த்துவிட்டால், பிறகு அவன் பிரிவுக்காக அவளுக்கு வளையும் கழலாது, பசலையும் பாயாது. அகத்துறைகளில் பாதி அடிபட்டுப் போகும். இலக்கணத்தைக் காப்பாற்றவே விதி செய்தார். நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வைத்திருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இந்த மௌனம் நம்மிடம் நெடுங்காலம் நீடித்தது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை ஒன்றுவிடாமல் அடுக்குகிறது, வங்கக் கடலின் நடுவில் படைவீரர்கள் என்ன நிலையில் இருந்தார்கள் என்பதில் மட்டும் சிக்கனம் காட்டுகிறது. ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கூச்சம் இல்லை. காற்று பலமாக வீசும்போதெல்லாம் தனக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது என்று அட்மிரல் நெல்சனே கடிதம் எழுதினார். டார்வின் 1831-இல் பீகிள் கப்பலில் ஏறி 1836-இல் இறங்கும்வரை கடலை மன்னிக்கவில்லை. வயிறு ஏற்றுக்கொண்டது உலர்திராட்சையை மட்டுமே.

இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்பதால், இந்நூலுக்கு இலக்கியமான தம்பதியை அறிமுகம் செய்ய வேண்டும். புணேயின் கோத்ரூடில் குடியிருப்பவர்கள். தலைவி தூத்துக்குடிக்காரி, துறைமுகத்துச் சங்கொலியில் பால் குடித்து வளர்ந்தவள். தலைவன் கோயம்புத்தூர், தண்ணீர் என்றால் சிறுவாணி, அதுவும் குழாயில் வர வேண்டும். இருவரும் ஹிஞ்சேவாடியில் கணிப்பொறி வேலை பார்க்கிறார்கள். திருமணப் பொருத்தம் பார்த்த ஜோதிடர் பத்தும் பொருந்துகிறது என்றார். காதுப் பொருத்தம் அவர் பட்டியலில் இல்லை.

காது என்றா சொன்னோம்? ஆம், நோய் வயிற்றில் இல்லை. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும், சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்பினால் குழாய்களும், உடல் எழுந்து தாழ்ந்தால் பைகளும் மூளைக்குச் சேதி சொல்லும். படகின் உள்ளறையில் உட்கார்ந்திருப்பவரிடம் கண் ‘சுவர் அசையவில்லை’ என்கிறது, காது ‘எல்லாம் அசைகிறது’ என்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் மூளை ஏன் வயிற்றைத் தண்டிக்க வேண்டும்? டிரைஸ்மன் என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு விளக்கம் சொன்னார். இயற்கையில் கண்ணும் காதும் இப்படி முரண்படுவது நஞ்சு உண்டபோதுதான். ஆகவே மூளை காலை உணவைச் சந்தேகித்து வெளியேற்றுகிறது. நம் தம்பதி வீட்டில் காலையில் உப்புமா கிண்டுகிறவர் தலைவனே என்பதால் இது தற்கொலை முயற்சி வழக்காகப் பதிவாகியிருக்க வேண்டும்.

எனவே குமட்டுகிறவர் பலவீனர் அல்லர். அமெரிக்காவில் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் காது கேளாத, பேச இயலாத 519 பேரைச் சுழலவைத்து 1882-இல் எழுதினார். 186 பேருக்குத் தலைசுற்றலே வரவில்லை. உள்காதின் இந்தப் பகுதி செயலிழந்தவர்களுக்குப் புயலிலும் கடல்நோய் வருவதில்லை என்பது பின்னால் உறுதிப்பட்டது. ஆக, கோவைக்காரரின் வாந்தி அவர் காது முதல்தரமானது என்பதற்கு அத்தாட்சி. இதைத் தலைவி அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையில் மிகக் கடினமான கட்டம் இதுதான்.

கடல்நோயைத் தீர்க்க முயன்றவர்களில் ஒரு சாரார் மனிதனை விட்டுவிட்டுக் கப்பலைத் திருத்தினார்கள். எஃகுக்குப் பெயர்போன ஹென்றி பெஸ்ஸமர் ஆங்கிலக் கால்வாயில் பட்ட பாட்டை மறக்க முடியாமல், கப்பல் எப்படி ஆடினாலும் ஆடாத தொங்கு கூடம் ஒன்றைக் கப்பலுக்குள் வைத்தார். நீர்விசை இயந்திரம், ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே அதை இயக்க ஓர் ஆள். அந்தக் கப்பல் 1875 மே 8 அன்று கலே துறைமுகத்தின் கடற்பாலத்தில் மோதியது. முதலீட்டாளர்களுக்குத்தான் குமட்டியது. இன்னொரு சாரார் படகையே ஒழிக்கப் பார்த்தார்கள். சம்பாஜி மகாராஜா 1682-இல் ஜஞ்சீராக் கோட்டையை முற்றுகையிட்டபோது கரையிலிருந்து கோட்டைவரை கடலைக் கல்லால் தூர்த்துப் பாதை போட முயன்றார். போர்க் காரணம்தான், ஐயமில்லை. ஆனால் அந்த இடத்தைத் தலைவன் வரலாற்றுப் புத்தகத்தில் கோடிட்டு வைத்திருக்கிறார்.

மூன்றாவது வழி மனிதனைப் பழக்குவது. அதற்குப் புணேயைவிடப் பொருத்தமான ஊர் இல்லை, ஏனென்றால் இங்கே கடல் இல்லை. ஊர் கடல்மட்டத்துக்கு 560 மீட்டர் மேலே இருக்கிறது. நாட்டின் கடற்படை இதை முன்பே கண்டுகொண்டது: தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் மாணவர்கள் பாய்மரம் பழகுவது கடக்வாஸ்லா அணையின் ஏரியில், பீக்காக் பே என்ற இடத்தில்.

1916-இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் அதே ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தியத் துறைமுகங்களைச் சிறிதாகக் கட்டி, தொட்டிக்குள் செயற்கை அலை விட்டுப் பார்க்கிறார்கள். அங்கே போய்ப் பழகலாமே என்று வாசகர் கேட்கலாம். மனிதனை மிகவும் குமட்டவைப்பது சுமார் ஐந்து விநாடிக்கு ஒரு முறை எழுந்து தாழும் அசைவு என்று 1974-இல் கண்டறிந்தார்கள். நூறில் ஒரு பங்காகக் கட்டிய மாதிரியில் காலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஐந்து விநாடி அலை அரை விநாடியாகிவிடும். அந்த அலையில் முறையாக வாந்தியெடுக்க வேண்டுமானால் தலைவன் முக்கால் அங்குலத்துக்கும் குறைவான உயரம் இருக்க வேண்டும்.

ஊஞ்சலில் பயிற்சி செய்யலாம் என்பாரும் உளர். புணேயின் பழைய வாடா வீடுகளிலும் நம் வீடுகளிலும் அது உண்டு. ஆனால் ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஆடும் ஊஞ்சலுக்குச் சங்கிலி இருபது அடி வேண்டும், கோத்ரூட் பிளாட்டின் கூரை பத்து அடியைத் தாண்டாது. மேலும் ஊஞ்சலில் பழகிய காது ஊஞ்சலுக்கே பழகுகிறது. படகுக்குப் படகுதான்.

நகருக்குள் ஓடும் முளா-முட்டா நதியை விலக்குக. பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1928 முதல் அங்கே படகு விழா நடத்துகிறார்கள், அவர்கள் வீரர்கள். அந்த நதியில் கோடையில் எழும் குமட்டல் மூக்கு வழியாக வருவது. அது வேறு அதிகாரம். ஆகவே பான்ஷேத், வரஸ்காவ் அணை ஏரிகளின் பக்கம் பெடல் படகு கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும், காலையில், காற்று எழும் முன். உயிர்காப்புச் சட்டையில் மட்டும் இந்நூலுக்கு நகைச்சுவை இல்லை. பான்ஷேத் அணை 1961 ஜூலை 12 அன்று உடைந்து புணேயை மூழ்கடித்தது; வயதானவர்கள் இன்றும் அந்த நாளைத் தேதி சொல்லித்தான் பேசுகிறார்கள்.

பெடல் படகில் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே திருப்பும் கம்பி ஒன்று இருக்கும். கவனிக்க: பெரும்பாலான குடும்பங்களில் அதைப் பிடித்திருப்பவர் படகை விரும்புகிறவர். அவர் இஷ்டத்துக்கு வளைப்பார், மற்றவர் மிதிப்பார், குமட்டுவார். காரோட்டிக்குக் கார்க் குமட்டல் அரிது. அடுத்த அசைவு என்ன என்பது அவர் மூளைக்கு முன்னரே தெரியும். இந்த ஒரு செய்தியில் மருத்துவம் முழுவதும் அடங்கும். கம்பியைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தபின் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிக்காரிக்கு முதலாவது ஓரளவு கைவந்தது. “என்னங்க, இடது பக்கம், இடது பக்கம்” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தவரை கோவைக்காரர் முகத்தில் பச்சை மாறவில்லை. தலைவி செல்போனில் ஆழ்ந்த சிறிது நேரத்தில் படகு நேராகப் போயிற்று, அவர் கொக்கைக் காட்டினார். ஏரியில் எத்தனை வாரம் என்று இந்நூல் விதிக்காது. “போலாமுங்களா?” என்று தலைவனே கேட்பதுவரை. குமட்டல் வரும் முன்பே கரை திரும்புவது முறை; ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்ற சொற்றொடரைத் தலைவி அகராதியிலிருந்து நீக்குக.

இனிக் கடல். புணேக்காரரின் கடல்நோய் கடலில் தொடங்குவதில்லை, தாம்ஹிணி கணவாயில் தொடங்குகிறது. ஜஞ்சீராவுக்காக முருட் போகும் சாலை முள்ஷியைத் தாண்டி மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும்போதே பின்சீட்டுக்காரர் பாதி முடிந்துவிடுகிறார்; கரையில் கிடைப்பது மிச்சம். பழி முழுவதும் அரபிக்கடலுக்கு. ஆகவே கணவாயில் காரைத் தலைவனே ஓட்ட வேண்டும். வழியில் காரமான மிசல் பாவ் கூடாது. வெறும் வயிறும் கூடாது, இட்லி போன்ற சாதுவான ஏதாவது. பாங்கன்மார் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: எலுமிச்சம்பழத்தை முகர், இஞ்சி மரப்பாவைக் கடி, சட்டைக்குள் செய்தித்தாளை வை. இஞ்சியை டென்மார்க் கடற்படை மாணவர்களிடம் 1988-இல் சோதித்தார்கள், கொஞ்சம் உதவியது. செய்தித்தாளைச் சோதித்தவர் இல்லை. மாத்திரை உண்டு. ஒவ்வாமைக்குக் கொடுத்த மருந்தால் ஒரு பெண்ணுக்கு டிராம் குமட்டல் நின்றதைப் பார்த்து 1940களின் இறுதியில் பால்டிமோர் மருத்துவர்கள் கண்டுபிடித்த வகை அது. நம் கடைகளில் அவோமின் அதன் தாயாதி. டாக்டரிடம் கேட்டு, புறப்படும் முன்பே போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான். தூக்கம் வரும் என்பதால், போட்டுக்கொண்டவர் கார் ஓட்டக் கூடாது. ஓட்டாவிட்டால் கணவாயில் குமட்டும். இந்த முரணை இந்நூல் தீர்க்கவில்லை. தலைவன் மாத்திரையைத் துறந்தார்.

ராஜபுரியிலிருந்து ஜஞ்சீராவுக்குப் பாய்மரப் படகு. நடுப்பகுதியில், முன்னோக்கி உட்கார வேண்டும். படகு ஓடும்போது பெரிய தொல்லையில்லை. கோட்டை வாசலில் முறைக்குக் காத்து நிற்கும்போதுதான் ஆட்டம் தெரியும். நின்ற படகு ஓடும் படகைவிடக் கொடியது. அங்கே கோவைக்காரர் தலையைக் குனிந்தார்.

“அம்மிணி, கரை எங்கீங்க?”

“அதோ தெரியுது. நீங்க கீழ பாக்காதீங்க.”

படகோட்டிக் கிழவர் இதையெல்லாம் தினமும் பார்ப்பவர். “லாம்ப் பகா, ஸாஹேப்” என்று தொலைவைக் காட்டினார். திரும்பும்போது தலைவனைத் தன் பக்கத்தில் அமர்த்தி, சுக்கான் கட்டையின் மேல் அவர் கையை வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். பாடப்புத்தகங்கள் பல பக்கத்தில் சொல்வது இதுதான்: அடிவானத்தைப் பார், கையில் பொறுப்பை எடு. தலைவன் முகம் தெளிந்தது. கரை வந்ததும் கட்டையை விட மனமின்றி, படகு என்ன விலை வரும் என்று விசாரித்தார்.

பக்கவிளைவு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தாம்ஹிணி ஏறும்போது தலைவன் ஓட்டினார். தூத்துக்குடிக்காரி பக்கத்தில் அமர்ந்து, சுக்கான் பிடித்த கணவரின் படங்களைச் செல்போனில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவள் ஓரமாகக் குனிந்து நிற்க, கோவைக்காரர் தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக இறங்கி, “தூரமாப் பாரு அம்மிணி” என்றார். எதிரே மலைதான் இருந்தது. நூல் விதிப்படி அடுத்த வளைவிலிருந்து ஸ்டீயரிங்கை அவளிடம் கொடுக்க வேண்டும். கோவைக்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இஞ்சி மரப்பாவை நீட்டினார்.