இறங்கத் தெரிந்த வண்டி

மேட்டில் ஏறிப் பறந்து குதிக்க குவாட் பைக் வாங்கப் போகிறவர், கடையில் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" என்றுதான். கேள்வியில் குற்றமில்லை, அது குதிப்பதற்குச் சம்பந்தமில்லாத கேள்வி, அவ்வளவுதான். மேலே போவதற்கு வண்டிக்கு விசேஷத் தகுதி எதுவும் வேண்டாம். சரிவான மேடும் போதிய வேகமும் இருந்தால், வயலுக்குத் தீவன மூட்டை சுமக்கும் 300 கிலோ குவாடும் பறக்கும். கீழே வருவதில்தான் வண்டிக்கு வண்டி வித்தியாசம். உள்ளே நுழையத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யுவைப் போன்ற வண்டிகள் சந்தையில் நிறைய உண்டு. ஆகவே எஞ்சினை ஓரமாக வைத்துவிட்டு, இறங்குவதற்கு என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்குச் சாட்சி பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழும் வண்டியை ஷாக் அப்சார்பர் 25 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வண்டியின் எடையைப்போல் சராசரியாக ஒன்பது மடங்கு விசை தேவை. ஷாக் அதில் பாதி தூரமே அமுங்கி அடி தட்டினால் பதினேழு மடங்கு. மிச்சமுள்ள எட்டு மடங்கை யார் வாங்கிக்கொள்வது என்ற கேள்விக்கு உங்கள் முதுகெலும்பைத் தவிர வேறு வேட்பாளர் கிடையாது. யமஹாவின் ஒய்எஃப்இசட்450ஆர் வண்டியில் முன்சக்கரங்கள் மேலும் கீழும் போய்வரும் தூரம் சுமார் 25 செ.மீ., பின்னால் 28 செ.மீ. அதே கம்பெனியின் ராப்டர் 700ஆரில் முன்னால் 23, பின்னால் 25.6. எஞ்சினில் 686 சிசியோடு மார்தட்டும் ராப்டர், இந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரில் 449 சிசித் தம்பியிடம் தோற்றுப்போகிறது. அகலத்திலும் தம்பிதான் ஏழு செ.மீ. கூடுதல். ஏழு செ.மீ. என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் முதலில் தரை தொடும் நேரத்தில் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

"பெரிய எஞ்சின் இருந்தால்தானே எதிர்மேட்டை எட்ட முடியும்?" என்பார்கள். எட்டுவது மேட்டின் விளிம்பை விடும்போது இருந்த வேகத்தையும் கோணத்தையும் பொறுத்தது. அந்தரத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரங்கள் வேகமாகச் சுழன்று வண்டியின் மூக்கு நிமிரும். பிரேக்கைப் பிடித்தால் மூக்கு தாழும். ஒரு அடிகூடக் கூடுதலாகப் போக முடியாது. அமெரிக்காவின் ஏடிவி, அதாவது குவாட், மோட்டோகிராஸ் பந்தயத்தில் முன்னணி வீரர்கள் ஓட்டுவது 450 சிசி வண்டிகளையே. ராப்டரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் நீளமான ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏற அதன் எஞ்சின்தான் சரி. ரிவர்ஸ் கியரும் உண்டு. ஒய்எஃப்இசட்டில் ரிவர்ஸ் கிடையாது. பறந்துகொண்டிருப்பவர் மனம் மாறித் திரும்ப நினைத்தாலும் அது உதவப் போவதில்லை.

"ராப்டரையே வாங்கி, நல்ல ஷாக்கும் அகலமான ஆக்ஸிலும் மாட்டிக்கொண்டால்?" தாராளமாக மாட்டலாம். ஒரு வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு, அதை இன்னொரு வண்டியாக்க இரண்டாம் முறை பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து செய்தால் சரி.

இன்னும் சிக்கனக்காரர்கள் பழைய வண்டியைக் காட்டுவார்கள். 2010களின் நடுவுக்குள்ளேயே ஹோண்டாவும் சுஸுகியும் கவாஸாகியும் 450 பந்தய குவாடுகளைக் கைவிட்டுவிட்டதால், பழைய சந்தையின் பக்கம் நியாயம் உண்டுதான். 1986 முதல் 1989 வரை வந்த ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆருக்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் உறுமலைக் கேட்டு மயங்காமல், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். பிறகு சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் வெல்டிங் பக்கம் மயிரிழை விரிசலோ, புதுப் பெயின்ட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். முந்தைய சொந்தக்காரர் எப்படிப் பறந்தார் என்பதை விற்பவர் சொல்வார். எப்படி இறங்கினார் என்பதை வெல்டிங்தான் சொல்லும்.

எந்த வண்டியானாலும் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்த வேண்டும். கவசம், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பின்ஷாக் அதன் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கலாம். அதற்குமேல் போனால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியிருக்கலாம். மெக்கானிக் எடை கேட்கும்போது கல்யாண ஜாதகத்துக்குச் சொன்ன எடையைச் சொல்லாமல், இன்றைய எடையைச் சொல்லுங்கள். பத்து கிலோவை மறைத்தால் ஊர் நம்பும். ஸ்பிரிங் நம்பாது.