காற்றுக்கு நிற்கும் கொண்டை

கலியாண வீட்டில் ஐயர் வந்துவிட்டாரா என்று கேட்பதற்கு முன், கொண்டை மாமி வந்துவிட்டாரா என்று கேட்பார்கள். முந்தலில் ஒருவர், உடப்பில் ஒருவர், ஆண்டிமுனைப் பக்கம் ஒருவர் என்று ஊருக்கொருவர் உண்டு. மணப்பெண்ணை அலங்கரிக்கச் சிலாபத்திலிருந்தோ புத்தளத்திலிருந்தோ ஒரு பிள்ளை பெரிய பெட்டியோடு வந்து இறங்கும். அந்த அறைப் பக்கம் முந்தல் மாமி எட்டியும் பார்ப்பதில்லை.

"அதுக்கு இருவத்திநாலு வயசு. தலையில சிரட்டையக் கவுத்து விட்டாலும் வடிவாத்தான் இருக்கும்" என்பார்.

மாமியின் ஆட்சி ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தொடங்குகிறது. பெரியம்மாமார், அத்தைமார், ஆச்சிமார், இரண்டு பக்கத்துச் சம்பந்திமார் எல்லோரும் பின் அறையில் வரிசையாக இருப்பார்கள். ஒவ்வொருவராக நாற்காலியில் இருத்தி, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, நெற்றி முடியை விரலால் ஒதுக்கிப் பார்த்து, "ம்" என்பார். அந்த "ம்" நீளமாக இருந்தால் சவுரி தேவை. குட்டையாக இருந்தால் கொண்டை ஊசி மட்டும் போதும்.

சங்கப் பாடல்கள் பெண்ணின் கூந்தலை ஐம்பால் என்கின்றன. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்று உரைகாரர்கள் ஐந்து வகை எண்ணுவார்கள். அறுபது வயதுக்காரிக்கு ஊர் அந்த ஐந்தில் விட்டுவைத்தது கொண்டை ஒன்றைத்தான். மாமி அந்த ஒன்றையே ஐம்பதாக்கிவிட்டார்.

முதல் சட்டம், நடு உச்சி கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைய, முடியிழை மெலியும். உச்சி வகிடு அகலும். மருத்துவர்கள் சொல்லும் இந்தக் காரியத்தை மாமி சீப்பைக் கொண்டே கண்டுபிடித்தவர். "ஒழுங்கையா இருந்த உச்சி இப்ப கொழும்பு றோட்டாப் போச்சு, புள்ள" என்று சொல்லிக்கொண்டே கோண உச்சி எடுப்பார். உச்சந்தலையில் கொஞ்சம் முடியை எதிர்ப்புறமாகச் சீவி உயர்த்தி, அதன்மேல் மற்ற முடியைப் படியவிடுவார். தலை உயர, தொங்கிய கன்னமும் உயர்ந்ததாகத் தோன்றும். கொண்டையைப் பிடரியில் விழவிடாமல் இரண்டு விரல் மேலே நிறுத்துவதும் அதே கணக்குத்தான்.

இழுத்து இறுக்கிக் கட்டினால் முகச் சுருக்கம் நிமிரும் என்று நம்புகிற சம்பந்திமார் உண்டு. "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க அக்கா" என்று கண்ணில் நீர் முட்டக் கெஞ்சுவார்கள். மாமி மசிய மாட்டார். ஆயுள் முழுக்க இறுக்கிக் கட்டியவர்களுக்குக் காதோரம் முடி பின்வாங்கிப்போவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கிறீன்லாந்துப் பெண்களிடம் இதே கோளாறைக் கண்டு 1907இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மாமிக்குக் கிறீன்லாந்து தெரியாது, ஆண்டிமுனை போதுமாக இருந்தது.

டை விஷயத்தில்தான் அவர் குரல் உயரும். கலியாணத்துக்கு முதல்நாள் இரவு, பந்தல்காரன் போன பிறகு, இரகசியமாகப் பெட்டியைத் திறக்கிறவர்களே அதிகம். 48 மணித்தியாலத்துக்கு முன்பே கொஞ்சமாகத் தடவிப் பாருங்கள் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். யார் வாசித்தார்கள்? விடிந்தால் இமை வீங்கிய ஒரு பெரியம்மா எல்லாப் படத்திலும் தூங்கிக்கொண்டு நிற்பார். ஒவ்வாமை வராதவருக்கோ வேறு தண்டனை: கரிக்கறுப்பு முடிக்குக் கீழே ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நின்று பேர் சொல்லும். மண்ணிற டை அடி, இல்லையென்றால் நரையை அப்படியே விடு என்பது மாமியின் தீர்ப்பு.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். முந்தலுக்கே உரிய சிக்கல் காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று அடிக்கிற அடியில், பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர் கற்பிட்டிக்கு வருகிறார்கள். மாம்புரியில் 2010இல் காற்றாலையே நட்டுவிட்டார்கள். உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்பும் தலவில அன்னம்மாள் திருநாளும் இந்தக் காற்றுக்குள்தான் வரும். பாஞ்சாலி சபதம் போட்டுத்தான் கூந்தலை அவிழ்த்துவிட்டாள். கோயிலுக்கு வரும் மற்றவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருந்தால் போதும். ஆகவே மாமி கட்டிய கொண்டைக்குக் களப்புக் கரையில் பரீட்சை உண்டு. கட்டி முடித்ததும் ஆளை வாசலுக்குக் கூட்டிப்போய், காற்றுப் பக்கம் பிடரியைக் காட்டி நிறுத்துவார். அசையாமல் இருந்தால்தான் பூ.

முக வாகு பார்த்துத்தான் கொண்டை போடுவதாக மாமி சொல்லிக்கொள்வார். நான் நம்புவதில்லை. அவர் பார்ப்பது உறவுமுறை. மாப்பிள்ளையின் தாய் கொண்டை, பெண்ணின் தாய் கொண்டையைவிட ஒரு விரல் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீர்வரிசையில் சமாதானமாகப் போனவர்கள் கொண்டையில் முறைத்துக்கொள்வார்கள். மூத்த மச்சாள் இளைய மச்சாளைவிட இளமையாகத் தெரிந்தால் அது வேறொரு வழக்கு. எல்லா வீட்டிலும் சவுரியின் அளவை நிர்ணயிப்பது கன்ன எலும்பு அல்ல, சம்பந்தம்.

பூ வைக்க முடியாதென்று ஊர் சொல்லிவைத்திருக்கும் பெண்கள் பின்னால் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களை மாமி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "பூ வைச்சாப் பிழையெல்லாம் மறைஞ்சு போகும். உனக்குத்தான் நான் பிழையில்லாமக் கட்டோணும்." அன்று வீட்டில் மிக நேர்த்தியான கொண்டை அவர்கள் தலையில்தான் இருக்கும். ஊர்க் கிழவிகள் முணுமுணுப்பார்கள். ஆனால் அடுத்து நாற்காலியில் இருக்கப் போவது தாங்கள்தான் என்பதால் சத்தமாக முணுமுணுப்பதில்லை.

கொண்டையின் பெருமைக்கு மாமியிடம் வரலாற்று ஆதாரமும் உண்டு. 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரானவர் கொண்டை போட்ட ஸ்ரீமாவோ. 1974இல் கச்சதீவு ஒப்பந்தம் போட்டபோது எதிர்ப்பக்கம் கட்டை முடியும் வெள்ளைக் கீற்றுமாக இந்திரா காந்தி. "தீவு ஆருக்குக் கிடைச்சுது? கொண்டைக்குத்தானே!" கடலுக்குப் போய் வந்த ஆண்கள் இதற்கு மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை.

அண்மையில் இந்தச் சாம்ராஜ்யத்துக்கு ஒரு சோதனை வந்தது. மாமியின் பழைய வாடிக்கைக்காரி ஒருவர் சிலாபம் போய் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் காட்டிய பொப் வெட்டு. ஊரே மாமியின் முகத்தைப் பார்த்தது.

"ஏன் புள்ள?"

"கை மேல தூக்க ஏலாதக்கா. தோள்மூட்டு பிடிச்சுப் போச்சு. கொண்டை போட ஒவ்வொரு நாளும் மருமகளைக் கூப்பிடணும்."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். காதோரம் சரி, பின்பக்கம் அரை அங்குலம் கூட என்று தீர்ப்புச் சொன்னார். மாதம் ஒரு சென்ரிமீற்றர் வளரும், இரண்டு மாதத்துக்கொருமுறை வெட்டாவிட்டால் கெட்டுப்போகும் என்று எச்சரித்தார். கலியாணத்துக்குத் தானே சவுரி வைத்துக் கட்டிவிடுவதாகவும் ஒத்துக்கொண்டார். கடைசியில்தான் முக்கியமான கேள்வி வந்தது.

"வெட்டின முடி எங்க?"

"அங்கயே கூட்டி அள்ளிட்டாங்க அக்கா."

முழங்கை நீள முடி! இரண்டு சம்பந்திமாருக்குச் சவுரியாகியிருக்கும். மாமி ஒரு கிழமையாக அவரோடு பேசவில்லை. இப்போது முந்தலிலிருந்து முடி வெட்டச் சிலாபம் போகும் பெண்கள், மாமியின் கட்டளைப்படி, கைப்பைக்குள் ஒரு சொப்பிங் பையும் மடித்துக் கொண்டு போகிறார்கள்.